ஓடினால் மட்டும் போதாது மக்களே! - தூத்தூர் கடற்கரையில் 'முட்டு' காக்கப் பழகும் கால்பந்துப் பிள்ளைகள்

காலை ஐந்தரை மணி. மார்த்தாண்டத்தில் இருந்து நித்திரவிளை தாண்டி வந்தால் தூத்தூர். இங்கே சூரியன் கடலில் இருந்து எழுவதில்லை. அரபிக்கடலைப் பார்த்த ஊர் என்பதால், விடியல் தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் இருந்துதான் வரும். கடல் மட்டும் இன்னும் இருட்டில் இருக்கிறது. அந்த அரை இருட்டில் மணலில் 'தப் தப்' என்று சத்தம் கேட்கிறது. சிறுவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து வயது முதல் பதினைந்து வயது வரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் நான்கைந்து பேர் பெண் பிள்ளைகள். எல்லோரும் வெறுங்கால். பூட்ஸ் வைத்திருப்பவர்கள் லேசை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். சிலருடைய பூட்ஸ் அண்ணனுடையது என்று பார்த்தாலே தெரிகிறது, இரண்டு சைஸ் பெரிது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்து கேரள எல்லை வரை எட்டு மீனவ ஊர்கள் வரிசையாக ஒட்டிக்கிடக்கின்றன. இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. எங்கே ஓர் ஊர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. பங்கு கோவில் மாறினால் ஊர் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆழ்கடலுக்குப் போய் நாட்கணக்கில், வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு இந்தியா முழுக்கப் பேர் உண்டு. கரையில் அவர்களுக்கு இருக்கும் இன்னொரு பேர், கால்பந்து.

திருவிழா வந்தால் கால்பந்து, கிறிஸ்துமஸ் வந்தால் கால்பந்து. எல்லை தாண்டினால் வரும் பொழியூரிலும் இதே கதைதான். அங்கே இருந்து சந்தோஷ் டிராபி ஆடப் போனவர்கள் பலர். இந்தப் பக்கம், இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளைக் கடந்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. வரை போய், 2019-20 ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கினார். இந்திய அணியின் நீலச் சட்டையையும் போட்டார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். இந்தக் கரையில் பந்தைத் தொட்ட எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் சூசைராஜ்தான். மெஸ்ஸி, ரொனால்டோ எல்லாம் அதற்குப் பிறகு.

அதே சூசைராஜுக்கு நடந்த இன்னொன்றும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2020 நவம்பர் 20. கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத கோவா மைதானம். ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்தார். அந்த சீசனே அவருக்கு அத்தோடு முடிந்தது.

முழங்காலுக்கு இந்தப் பக்கத்தில் 'முட்டு' என்று பெயர். "முட்டு போச்சு" என்று யாராவது சொன்னால் பேச்சு கொஞ்ச நேரம் நின்றுவிடும். கடற்கரையில் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவருக்கும் முட்டு போனதுதான். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயரெல்லாம் எதற்கு என்று சிரிக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'கோச்'. நடக்கும்போது வலது கால் லேசாக இழுக்கிறது.

"யாரும் இடிக்கல. பந்தும் பக்கத்துல இல்ல. ஓடிட்டே திரும்புனேன், அவ்வளவுதான். உள்ளே கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம்" என்கிறார்.

அவர் விவரிப்பது புதிதல்ல. முழங்காலுக்குள் இருக்கும் 'ஏ.சி.எல்.' என்ற லிகமென்ட் கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமல்தான். வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது, திசை மாறும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டால் போதும். அறுவை சிகிச்சை செய்தாலும் திரும்பக் களம் இறங்க ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். தனியார் மருத்துவமனை என்றால் செலவு லட்சக்கணக்கில். கோச் காலத்தில் அதற்கு வழியில்லை. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் தடவினார்கள், "சரியாயிரும்" என்றார்கள்.

முட்டு போனால் இந்த ஊரில் இழப்பு இரட்டிப்பு. நன்றாக ஆடுகிற பையனுக்கு ரயில்வே, போலீஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஒரு கதவு திறக்கும். அது மூடிவிடும். சரி, கடலுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் முட்டு வேண்டும். ஆடும் போட்டில் இரவு பகலாக நின்று தூண்டில் இழுக்க இரண்டு கால்களும் உறுதியாக இருக்க வேண்டும். கோச் இரண்டு வருடம் முயன்று பார்த்துவிட்டுக் கடல் தொழிலை விட்டவர்.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலை இந்தக் கரையில் யாரும் தேதி சொல்லி நினைவுபடுத்தத் தேவையில்லை. இந்த ஊர்களில் இருந்து தங்கல் தொழிலுக்குப் போயிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. இப்போது மணலில் ஓடும் பிள்ளைகள் அன்று மிகச் சிறியவர்கள். 'பந்து ஆடட்டும், கடல் வேண்டாம்' என்று நினைக்கும் வீடுகள் அதற்குப் பிறகு கூடியிருக்கின்றன. எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஆனால், விடியற்காலையில் பிள்ளையை எழுப்பிக் கடற்கரைக்கு அனுப்பும் அம்மாக்களின் மனதில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவதே இல்லை. மணல் செய்யும் வேலை அது. காய்ந்த மணலில் ஓடுவது கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தியைக் கேட்கும் என்று 1998-ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கால் புதையும், ஒவ்வொரு அடிக்கும் இழுத்து எடுக்க வேண்டும். கெண்டைக்கால், தொடை, இடுப்பு எல்லாம் வேலை செய்யும். தரையில் விழும் அடியின் அதிர்ச்சியும் மணலில் குறைவு. நகரத்தில் மாதக் கட்டணம் கட்டி ஜிம்முக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இங்கே வாசலில் கிடக்கிறது. போதாததற்கு, கரமடி இழுக்கிற நாளில் பெரியவர்களோடு சேர்ந்து கயிறு பிடித்துப் பழகிய தோள்கள் வேறு.

அப்புறம் ஏன் முட்டு போகிறது?

கோச் குனிந்து மணலில் குதிகாலை ஊன்றித் திருப்பிக் காட்டுகிறார். கால் வழுக்கிக்கொண்டு போகிறது. "பாத்தீங்களா? மண்ணு விட்டுக் குடுக்கும். டவுன்ல புல் கிரவுண்டுல பூட்ஸ் போட்டு இதையே செஞ்சா, ஸ்டட்ஸ் தரையைக் கவ்விப் பிடிச்சிடும். பாதம் அங்கேயே நிக்கும், உடம்பு திரும்பும். நடுவுல இருக்கிறது முட்டு."

சிறுவயதெல்லாம் மணலில் ஓடி வளர்ந்த பையன், நெஞ்சு நிறைய மூச்சோடும் தொடை நிறைய பலத்தோடும் பெரிய மைதானத்துக்குப் போகிறான். ஆனால் நிற்கவும் திரும்பவும் குதித்து இறங்கவும் யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் என்றே முன்பு யாரும் நினைக்கவில்லை. 'ஃபிட்னஸ்' என்றால் பத்து ரவுண்டு ஓட்டம், ஐம்பது தண்டால். தப்புப் பண்ணினால் இன்னும் பத்து ரவுண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளி மைதானங்களில் இன்றும் அதுதான் நடக்கிறது.

இங்கே மட்டும் ஏழெட்டு நிமிட ஓட்டத்துக்குப் பிறகு காட்சி மாறுகிறது. பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிரே ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கையில் பந்து. ஒருவர் எறிய, மற்றவர் காலை ஊன்றாமல் பிடிக்க வேண்டும். கேட்க எளிது. மணலில் செய்து பார்த்தால் கணுக்கால் நடுங்குவது தெரியும். கடலாடிகளின் பிள்ளைகள் இதில் கில்லாடிகளாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாதிப் பேர் மூன்றாவது எறியிலேயே தடுமாறுகிறார்கள்.

அந்த நேரத்தில்தான் அவன் வந்து சேர்கிறான். பன்னிரண்டு வயது. தாமதம். வந்ததும் நேராகப் பந்து இருக்கும் பக்கம் போகிறான்.

"லேய், எங்க போறே?"

"சாரே, நான் வீட்ல இருந்தே ஓடித்தான் வந்தேன்."

"ஓடினா போதாது மக்களே. நில்லு, ஒத்தக் காலுல."

முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். இந்தக் கூட்டத்திலேயே வேகமானவன் அவன்தான் என்பது பிறகு தெரிந்தது. வேகமானவர்களைத்தான் கோச் அதிகம் கண்காணிக்கிறார்.

இந்தப் பயிற்சிகள் கோச் கண்டுபிடித்தவை அல்ல. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, நார்வே, அமெரிக்க நிபுணர்களோடு சேர்ந்து 2006-ல் உருவாக்கிய '11+' என்ற வார்ம்-அப் திட்டம் இது. மெதுவான ஓட்டத்தில் தொடங்கி, வயிறு, தொடை, சமநிலைப் பயிற்சிகள், குதித்து இறங்குதல் என்று போய், திரும்ப வேக ஓட்டத்தில் முடியும். 15 பயிற்சிகள், 20 நிமிடம். கருவி எதுவும் வேண்டாம், ஒரு பந்து போதும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் பிள்ளைகள் 1,892 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2008-ல் வெளிவந்தது. திட்டத்தைச் செய்தவர்களுக்கு மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, பெரிய காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன.

பெண் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. பருவ வயதுக்குப் பிறகு ஏ.சி.எல். கிழியும் ஆபத்து பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தூத்தூர் மணலில் நிற்கும் அந்த நான்கைந்து பெண் பிள்ளைகளுக்கும் இது கூடுதலாகத் தேவை. ஆனால் பல ஊர்களில் பெண்கள் அணி என்றாலே, பையன்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச நேரத்தில் பந்தைக் கொடுத்து 'ஆடுங்க' என்று விடுவதுதான் வழக்கம். வார்ம்-அப்புக்கு நேரம் எங்கே?

பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதிலேயே குட்டி வடிவம் ஒன்று உண்டு. ஏழே பயிற்சிகள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, செக் குடியரசு, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 3,895 பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்ததில், காயங்கள் 48 சதவிகிதம் குறைந்தன. கையையும் காலையும் ஊன்றி நகரும் ஒரு பயிற்சிக்குப் பெயரே 'ஸ்பைடர்மேன்'. இன்னொன்று, விழப் பழகுவது. ஆமாம், சரியாக விழுவது எப்படி என்று தனியாகப் பயிற்சி! தோளை மடித்து உருண்டு எழ வேண்டும்.

தூத்தூர் மணலில் அதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த கட்டம். உருண்டு எழும்போது தலைமுடி, காது, வாய் எல்லாம் மணல். பத்து வயதுக் குட்டி ஒருத்தி வேண்டுமென்றே இரண்டு தடவை கூடுதலாக உருள்கிறாள். கோச் பார்க்காததுபோல் இருக்கிறார்.

அடுத்தது குதித்து இறங்குவது. இங்கே அவர் முகம் மாறிவிடுகிறது. மணலில் குச்சியால் ஒரு கோடு போட்டு, தாண்டி ஒற்றைக் காலில் இறங்கி மூன்று விநாடி அசையாமல் நிற்கச் சொல்கிறார். முட்டு பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. ஒவ்வொருவராகப் பார்க்கிறார். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் எல்லோரையும்விட உயரமாகத் தாண்டுகிறான். இறங்கும்போது முட்டு சட்டென்று உள்ளே மடிகிறது.

"திரும்ப."

தாண்டுகிறான். மடிகிறது.

"திரும்ப. உயரம் வேண்டாம். சத்தமில்லாம இறங்கு. பூனை மாதிரி."

ஆறாவது தடவை கோச் ஒன்றும் சொல்லவில்லை. "கொள்ளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகர்கிறார்.

இதைச் செய்தால் முட்டு போகவே போகாது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பிசியோ, டாக்டர், தனி டிரெயினர் என்று பத்துப் பேர் கவனித்த சூசைராஜுக்கே நடந்தது. ஆபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் விடாமல் செய்தால்தான். ஒரு மாதம் செய்துவிட்டுப் போட்டி நெருங்கியதும் நிறுத்திவிட்டால் பலன் இல்லை. நிறைய அணிகளில் நடப்பது அதுதான். போட்டி வந்தால் முதலில் வெட்டப்படுவது வார்ம்-அப்.

இன்னொரு விஷயத்தையும் கோச் ஒரு பழைய நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். பிள்ளைகளின் உயரம். மாதம் ஒரு முறை கோவில் சுவரில் நிறுத்திக் கோடு போடுகிறார். திடீரென்று யாராவது வளரத் தொடங்கினால், அந்தப் பிள்ளைக்குக் குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் கொஞ்ச நாள் குறைத்துவிடுகிறார். வளரும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்க முடியாமல், முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டில் வலி வருவது பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சகஜம். 'ஆஸ்குட்-ஷ்லாட்டர்' என்று டாக்டர்கள் சொல்லும் இதை, 'வேலைக்கு டிமிக்கி' என்று திட்டி இன்னும் ஓடவிடுகிற ஆட்கள் உண்டு. ஓய்வும் பயிற்சியைக் குறைப்பதும்தான் அதற்குப் பெரும்பாலும் மருந்து. வீட்டில் இருக்கும் பெற்றோர் இதை ஒன்று கவனிக்கலாம்: படி ஏறும்போதோ முட்டி போடும்போதோ பிள்ளை முகம் சுளித்தால், கோச்சிடம் சொல்லிவிடுவது நல்லது. வீக்கமோ விடாத வலியோ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு இங்கே பெரிதாக யாரும் யோசிப்பதில்லை. மரச்சீனியும் மீன் கறியும். மாவுச்சத்தும் புரதமும் ஒரே தட்டில். புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றை யாரோ ஓர் அண்ணன் கொண்டுவந்தபோது கோச் அதைத் திருப்பி அனுப்பிய கதையைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அவருடைய கவலை தூக்கம். இரவு பதினொரு மணி வரை செல்போனில் ஃபுட்பால் கேம் ஆடிவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து வந்தால், ஒற்றைக் காலில் நிற்க முடியாது என்கிறார். தடுமாறுகிறவர்களைப் பார்த்ததும், "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்பதுதான் முதல் கேள்வி.

சூரியன் தென்னைகளுக்கு மேலே வந்துவிட்டது. இப்போதுதான் மைதானம் முழுதாகத் தெரிகிறது. மைதானம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கருங்கல் குவித்த அலைத் தடுப்புச் சுவர். நடுவில் ஒரு துண்டு மணல்.

கடலரிப்பு இந்தக் கரையின் தீராத பேச்சு. ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்தால் அலை வீட்டு வாசலுக்கு வரும். ஒவ்வோர் ஊரும் அரசாங்கத்திடம் கேட்பது 'தூண்டில் வளைவு'. கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைவாக நீட்டும் தடுப்பு அது. போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும். அதே நேரம் அடுத்த பக்கத்து ஊரில் மணல் அரிக்கத் தொடங்கும். அப்புறம் அந்த ஊரும் கேட்கும். வீடுகள் நிற்க வேண்டுமே, கேட்காமல் என்ன செய்வார்கள்? அந்தப் போராட்டத்தில் பிள்ளைகள் ஓடும் மணலுக்காகத் தனியாக மனு கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

மழைக்காலத்தில் மணல் இல்லாதபோது பயிற்சி கோவில் முற்றத்துக்கும் தார் ரோட்டுக்கும் போகும். சிமென்ட் தரையில் குதிக்கும் பயிற்சி கிடையாது என்று கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் ஒற்றைக் கால் நிற்றலும், வயிற்றுப் பயிற்சியும், சுவர் பிடித்து உட்கார்ந்து எழுவதும் மட்டும். மணலில் ஓடும்போதும் ஒரு விதி வைத்திருக்கிறார். கரை கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். அதனால் சின்னத்துறைப் பக்கம் எவ்வளவு ஓடினார்களோ, அதே அளவு பூத்துறைப் பக்கமும் ஓட வேண்டும். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பெரிய பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆறரை மணிக்குத்தான் பந்து உருள்கிறது. அதுவரை வாடியிருந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! கத்தல், தள்ளுமுள்ளு, "பாஸ் பண்ணுடே, பாஸ் பண்ணு!" அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு கடலோரமாகவே பறக்கிறான். அலை நுரை கணுக்காலைத் தொடுகிறது. மூன்றாவது ஆள் குறுக்கே வர, உள்பக்கம் வெட்டித் திரும்புகிறான். கோச் பந்தைப் பார்க்கவில்லை. அவன் முட்டைப் பார்க்கிறார்.

பையன் கோல் அடித்ததைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு எல்லாம் முடிந்தது. பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் கடலில் காலை நனைத்து மணலைக் கழுவிக்கொண்டு, கல் சுவர் மேல் ஏறி வீடுகளுக்குப் பிரிகிறார்கள். கோல் கம்பத்துக்காக நட்டிருந்த இரண்டு மூங்கில் கழிகளைக் கோச் பிடுங்குகிறார். கடல் பக்கத்துக் கழியின் அடி ஈரமாக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுபோய், நாளைக்கு எங்கே நட வேண்டும் என்று நான்கு அடி உள்ளே தள்ளி ஓர் அடையாளக் கல்லை வைத்துவிட்டு, இழுக்கும் காலோடு சுவர் ஏறுகிறார்.